புல்லை எடுத்த வகையில் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மனைவியும் தற்சமயம் அங்கேதான் இருக்கிறாள் என்பதால் அவளும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. நான் எப்போது போன் செய்தாலும் "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள் மகள். ஒரு மனுஷி காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலமும் குளித்துக்கொண்டே இருந்தால் உடம்புக்கு ஆகுமா என்பதைத் தாங்கள்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பேத்தியைப் பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் வந்தேன் என்று என் மனைவி தங்களிடம் சொல்லியிருப்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி எங்கள் வீட்டு முன்புறம் இருந்த புல்தரை. இருந்த என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆமாம், எடுத்துவிட்டேன். வேறு யாருக்கு எழுதினாலும் ஒரு வரியில் முடித்திருப்பேன். தங்களுக்கு அப்படி எழுத முடியாது. தங்கள் வீட்டுப் புல்தரையில் ஒரு புல் இன்னொரு புல்லைவிட உயரமாக இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் புல்லின் மேல் ஒரு காலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே வருவீர்கள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. போன தடவை மட்டும் "கொஞ்சம் மஞ்சளாத் தெரியுதோ?" என்று கேட்டீர்கள். தாங்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டீர்கள். ஆனால் தங்கள் கார் தெருமுனை திரும்பியதும் என் மனைவி என்னைப் பார்த்த பார்வை அப்படியில்லை.

அந்தப் புல்லுக்காக நான் படாத பாடு இல்லை, சம்பந்தி. புல்வெட்டும் மெஷினைக் கயிறு பிடித்து இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். இழுப்பேன், இருமும். மறுபடி இழுப்பேன், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கும். அது ஒருவழியாகக் கிளம்பும் நேரத்தில் என் தோள்பட்டை நின்றுபோயிருக்கும். வெட்டி முடித்து உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஓரத்தில் ஒரு கொத்து நான் அங்கே போகவே இல்லை என்பது போல நின்றுகொண்டிருக்கும். தண்ணீர் விட்டால் களை வருகிறது, விடாவிட்டால் புல் காய்கிறது. இதற்கு நடுவில் மனிதன் எங்கே நிற்பது? அதனால்தான் நர்சரிக்காரரிடம் போனேன். "சார், புல்லே வேணாம். பொடுதலை போடுங்க. தரையோட தரையாப் படரும், ரெண்டு விரல் உயரத்துக்கு மேல போகாது. வெட்ட வேணாம், உரம் வேணாம், வேர் புடிச்சிட்டா தண்ணியும் அவ்வளவா வேணாம்" என்றார். "அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க சும்மா பார்த்துக்கிட்டு இருக்கலாம் சார்" என்றார். ரிடையர் ஆன நாளிலிருந்து எனக்கு இவ்வளவு தெளிவாக ஒரு வேலையை யாரும் கொடுத்ததில்லை.

வீட்டில் சொன்னேன். "பொடுகுக்கு அரைச்சுத் தேய்க்கிற பொடுதலையா? உங்களுக்குத்தான் தலையில அதுக்கு இடமே இல்லையே" என்றாள். தரையில் இருக்கிறது என்றேன். அன்றைக்கு இருவரும் சிரித்தோம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அதற்குப் பிறகு இரண்டு ஆட்கள் வந்து பழைய புல்லை மண்ணோடு பெயர்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். வாசலிலிருந்து கேட் வரைக்கும் வெறும் மண். என் மனைவி வெளியே வந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தங்களிடமிருந்து கற்றுக்கொண்டாளோ என்னவோ.

இனிமேல்தான் விஷயமே வருகிறது. நான் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்ததைவிடப் பரீட்சை ஹாலில் நின்றதுதான் அதிகம் என்பது தங்களுக்குத் தெரியும். எந்தப் பரீட்சையானாலும் ஹாலில் பெஞ்சு போடுகிற பொறுப்பு என்னுடையது. கை நீட்டினால் அடுத்தவனை எட்டக் கூடாது, கழுத்தை நீட்டினால் அடுத்தவன் பேப்பர் தெரியக் கூடாது. அந்தக் கணக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. நர்சரிக்காரர் கொடுத்த நாற்றுகளை நான் அப்படித்தான் நட்டேன். கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஐஸ்கிரீம் குச்சியில் நம்பர் எழுதி ஊன்றினேன். எதிர்வீட்டுப் பல் டாக்டர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "சார், இடைவெளி ரொம்ப ஜாஸ்தியா இருக்கே, கம்பி கட்டிடலாமா?" என்றார். அவர் வீட்டு முன்னால் சிமெண்டு பூசியிருக்கிறது. அவருக்கு என்ன தெரியும்?

நாற்றுகள் வேர் பிடித்தன. பிடித்த கையோடு ஒவ்வொன்றும் பக்கவாட்டில் ஒரு கொடியை நீட்டி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, அடுத்த நாற்றை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தினம் காலையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், கோட்டைத் தாண்டிய கொடிகளை எல்லாம் வெட்டினேன். மறுநாள் இன்னும் இரண்டு நீட்டும். அதையும் வெட்டினேன். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது என் மனைவி கையில் துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்று, "ஏங்க, படரணும்னுதானே வாங்கினீங்க? அப்புறம் எதுக்கு வெட்டறீங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதில் தெரியாத கேள்விக்கு வாத்தியார் சொல்கிற பதிலையே சொன்னேன்: "உனக்குப் புரியாது." நர்சரிக்காரரிடம் போய்ச் செடி படரவே இல்லை என்று சண்டையும் போட்டேன். அவர் பாவம், மண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒரு மூட்டை எரு கொடுத்தனுப்பினார்.

இதற்குள் மழை வந்துவிட்டது. படராத தரை சேறானது, சேறு என் செருப்போடு உள்ளே வந்தது, கூடத்துக்கு வந்தது, ஒருநாள் கட்டில் வரைக்கும் வந்தது. அவள் கேட்டிலிருந்து வாசற்படி வரை பழைய பேப்பரை விரித்தாள், காற்று அதை டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவள் துடைத்தாள், நான் நடந்தேன், மறுபடி துடைத்தாள். கடைசியில் ஒரு நாள் காய்கறிப் பையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தவள், சேற்றில் சறுக்கி, கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி நாற்றின் மேல் வைத்துவிட்டாள். நான் ஜன்னலிலிருந்து, "ஐயையோ, பதினேழாம் நம்பர்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஓடி, நாற்றின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தானாகவே எழுந்து, சேலையில் இருந்த சேற்றைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து ரொம்ப அமைதியாக, "எனக்காக ஒருநாளாவது இப்படிப் பதறியிருக்கீங்களா?" என்று கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். "தரைன்னு ஒண்ணு வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. நான் கையை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியது நாற்றுக்காக மட்டுமே.

அவள் போன மறுநாள் குனிந்தவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தேன், டாக்டர்தான் (பல் டாக்டர்தான், வேறு யார் இருக்கிறார்கள்) வேளாவேளைக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கோ செடிகள் என்ன அட்டூழியம் செய்துகொண்டிருக்கின்றனவோ என்றுதான் கவலை. இடுப்பு ஒருவழியாக இளகி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தால், சம்பந்தி, கோடு இல்லை! நம்பர் குச்சி இல்லை! வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும் ஒரே பச்சை. யார் எந்த வரிசை, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்ததுதான் அதற்குத் தேவைப்பட்ட பராமரிப்பு.

அன்றிலிருந்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தாங்கள் விஷயம் தெரிந்தவர், அதனால் கேட்கிறேன். இந்தக் கொடி ஒவ்வொரு கணுவிலும் தனியாக வேர் விடுகிறதே, அப்படியானால் நடுவில் ஒரு துண்டு அறுந்துபோனால் அது பழைய செடியா, புதுச் செடியா? இதன் பூ தீக்குச்சித் தலை அளவுதான் இருக்கிறது. கிட்டப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அது ஒரு பூ இல்லை, சுற்றிலும் வளையம் போட்டதுபோல் இத்தனூண்டு பூக்கள், கீழே இருந்து மேலாக ஒவ்வொரு வளையமாக மலர்கின்றன. இதை யார் பார்க்கிறார்கள் என்று பூத்தது? தேனீ பார்த்துவிட்டது. நேற்றுவரை எங்கள் தெருவில் தேனீயை நான் பார்த்ததே இல்லை, இத்தனை நாள் அது எங்கே இருந்தது, யார் போய்ச் சொன்னது? எறும்புகள் இலைக்கு மேலே போகாமல் அடியிலேயே பாதை போட்டிருக்கின்றன. வெயிலுக்காகவா, அல்லது நான் பார்க்கிறேன் என்றா? டாக்டர்கூட மாடியிலிருந்து இறங்கி வந்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சார், இந்தப் பக்கம் ஒண்ணு மொட்டு விட்டிருக்கு" என்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் நான் "பாரு, பாரு" என்று கூப்பிட்டுத் திரும்பும்போதெல்லாம் அவர் முகம் இருக்கிறது. அது எனக்குப் போதவில்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெண்ணின் அம்மா இத்தனை நாள் இருப்பது நன்றாக இல்லை என்று அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். தரை வந்துவிட்டது. சேறு இல்லை. கூடத்தை நானே இரண்டு தடவை துடைத்துவிட்டேன். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் வந்துதான் ஆக வேண்டும் என்று எனக்காகச் சொல்லவில்லை, தரை வீணாகிறதே என்றுதான் சொல்கிறேன். அவள் கேட்ட கேள்விக்கும் பதில் தேடி வைத்திருக்கிறேன். அவளுக்காக நான் பதறிய சந்தர்ப்பம் ஒன்று ஞாபகம் வந்திருக்கிறது, நேரில் சொல்கிறேன். இன்னொன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் பேத்திக்கும் என் மனமார்ந்த ஆசிகள். தங்கள் புல்தரை என்றும் போல் சமமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ள வேண்டும். "அப்பா, அம்மா குளிக்கவே இல்லப்பா. எப்பவும் தோட்டத்துலதான் இருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள். என் மனைவி கோபித்துக்கொண்டு கிளம்பியபோது, ஒரு பொடுதலைக் கொடியை ஈரக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாளாம். அதைத் தங்கள் புல்தரையில், குழாயடியின் ஓரமாக நட்டிருக்கிறாள். தாங்கள் களை என்று நினைத்து இரண்டு முறை பிடுங்கிப் போட்டீர்களாம், அவள் இரண்டு முறையும் பொறுக்கி மறுபடி நட்டாளாம், சம்பந்தி அம்மாள்தான் தாங்கள் வருகிறீர்களா என்று காவல் பார்த்தாராம். இப்போது ஒரு பேப்பர் அகலத்துக்குப் படர்ந்துவிட்டதாம். அது நிற்காது, சம்பந்தி. தங்கள் புல்லுக்கு நேரப்போவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்லக் கூடாது, ரொம்ப வருத்தமாக இல்லை. அவள் தினம் காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க பூத்துடுச்சான்னு உங்க அப்பாகிட்ட கேளேன்" என்கிறாளாம், மகள் கேட்கப் போனால் "வேணாம், விடு" என்கிறாளாம். ஆகையால் அவளைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நாளைக் காலை வண்டியில் நானே கிளம்பி வருகிறேன். வரும்வரை குழாயடிப் பக்கம் தாங்கள் போகாமல் இருந்தால் போதும். நான் வருவது அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் பாட்டுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். நான் சத்தம் போடாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.