ஜன்னலோரம் ஒரு சுவிட்ச்

“சுவிட்ச் இருக்குது சார். ஜன்னல் எங்க?”

வயர்மேன் சுப்பராயன் சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டான். கரிபிடித்த அந்தச் சுவரில் ஒரு சின்ன ஓட்டைகூட இல்லை.

ஆதிகேசவன் அவசரமாகப் படத்தை விரித்தார். மின்சாரக் கம்பெனியில் வயரிங் படம் வரையும் டிராப்ட்ஸ்மன் அவர். அவர் போட்ட கோட்டைப் பார்ப்பதற்கென்றே மற்ற குமாஸ்தாக்கள் அவர் மேஜைக்கு வருவார்கள். அவர் வரைந்த படம் எதுவும் ஒப்புதலுக்கு மெட்ராஸ் போய்த் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

இந்தப் படத்தில் கிழக்குச் சுவரில் அகலமாக ஒரு ஜன்னல் இருந்தது. அதன் ஓரத்தில் சுவிட்ச். ஜன்னல் வழியாகவே கம்பி வெளியேறி, கிணற்றடி விளக்குக்குப் போனது.

“வீட்டம்மா அப்படித்தானே சொன்னாங்க...” என்று முனகினார்.

வீடு, ஆம்பூரில் தோல் ஷாப் வைத்திருக்கும் இஷ்தியாக் அகமது சாகிபுடையது. மகளின் நிக்காஹுக்குள் வீடு முழுக்க மின்சார விளக்கு எரிய வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் படம் வரைய வந்தபோது உள்கட்டு முழுக்கப் பெண்கள். அந்நிய ஆண் நுழைய முடியாது. சாகிபைக் கேட்டால், “சமையக்கட்டா? அங்கேர்ந்து சாப்பாடு வரும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றுவிட்டார்.

கடைசியில் அவர் மனைவி ஜஹீருன்னிசாதான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து உள்கட்டு முழுவதையும் சொன்னார். ஆதிகேசவன் கேட்டுக் கேட்டு வரைந்தார். வரைந்ததைத் திரைக்கு உள்ளே அனுப்பியபோது ஒரே ஒரு திருத்தம்தான் வந்தது.

“எல்லாம் பேஷா இருக்குது. ஜன்னல் மட்டும் சின்னதா போட்டுட்டீங்க. இன்னும் அகலமா போடுங்க.”

போட்டார். படம் மெட்ராசுக்குப் போய் முத்திரையோடு திரும்பியது. இப்போது பெண்களெல்லாம் பக்கத்தில் சாகிபின் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க, வேலை நடக்கிறது. ஜன்னலைத்தான் காணோம்.

“சுவத்துல ஒரு தொளை போட்டுக் கம்பிய விட்டுடலாமா சார்?” என்றான் சுப்பராயன்.

“படத்துல ஜன்னல் இருக்கே! நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தா?”

“அப்போ ஜன்னல் மாட்டிடலாம்.”

தச்சனிடம் கிடந்த பழைய ஜன்னல் ஒன்றைக் கொண்டுவந்து, சட்டத்தோடு சுவர்மேல் ஆணியடித்தார்கள். பார்க்க அசல் ஜன்னல் மாதிரியே இருந்தது. ஆதிகேசவனுக்குக்கூட உயிர் வந்தது.

மறுநாள் மெட்ராஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்துத் தலையாட்டினார். சமையலறையில் வீட்டு வேலைக்காரி கமலம் ஆட்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். புகை தாங்காத இன்ஸ்பெக்டர், இருமிக்கொண்டே போய் ஜன்னலின் ஒரு கதவைத் திறந்தார். எதிரே சுவர். இன்னொரு கதவையும் திறந்தார். அங்கேயும் சுவர்தான். மூன்றாவதாக ஒரு இழுப்பு இழுத்தபோது சட்டம் முழுசாகக் கழன்று அவர் கழுத்தில் மாலையாக விழுந்தது.

“யாருய்யா டிராப்ட்ஸ்மன்?”

ஆதிகேசவன் முன்னால் வந்தார்.

“படமும் வீடும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா கரண்ட் கிடையாது. புதுப் படம் போட்டு மறுபடி மெட்ராசுக்கு அனுப்பு. உன்னைப் பத்தி நானும் எழுதறேன்.”

“நிக்காஹுக்குள்ள படம் திரும்பி வராதே சார்!” என்று பதறினார் சாகிப். “கமலம், ஓடு! ஜன்னல் எங்கன்னு அம்மாவக் கேட்டுட்டு வா!”

கமலம் ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். “ஜன்னல் இல்லையான்னு பீபிம்மாவே கேக்கறாங்க. அடுப்புப் புகையில இவ்ளோ வருசமா சுவரு சரியா கண்ணுக்குத் தெரியலையாம்.”

சாகிப் முதன்முறையாகச் சமையலறைக்குள் தலையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“இதுக்குள்ளயா சமைக்கிறாங்க?” என்றார் மெல்ல. பிறகு ஆதிகேசவன் பக்கம் திரும்பினார். “படத்துல கைய வைக்காதீங்க. சுவத்த இடிக்கலாம்.”

கொத்தனார்கள் வந்தார்கள். ஆதிகேசவன் தானே நின்று, படத்தில் இருந்தபடி, அங்குலம் பிசகாமல் ஜன்னல் வைத்தார். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து, திறந்து பார்த்து, கிணற்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “நல்ல டிராயிங்” என்று ஒரு வார்த்தையும் சொன்னார்.

நிக்காஹ் அன்று சாயங்காலம் விளக்குகள் எரிந்தன. தெருவே திரண்டு நின்று பார்த்தது. தான் மையில் இழுத்த ஒவ்வொரு கோடும் வெளிச்சமாக நிற்பதை ஆதிகேசவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கமலம் ஒரு தட்டில் பிரியாணியோடு வந்தாள்.

“பீபிம்மா குடுத்தாங்க சார். அடுத்து மாடிக்கு லைட் போட, படம் வரைய எப்ப வர்றீங்கன்னு கேக்கச் சொன்னாங்க.”

ஆதிகேசவன் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார்.

“மாடியா? இந்த வீட்டுக்கு ஏதும்மா மாடி?”

“போன மாசம் வரைக்கும் ஜன்னலும்தான் இல்ல, சார்.”