மச்சான் வாயும் மத்தி மீனும்

"இந்த வீட்டுல இனிமே ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த நாய் இருக்கணும்!"

டிரைவிங் மாஸ்டர் இப்படி ஒரு சபதம் எடுத்தார். குளியலறைக்குள் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். இருந்தாலும் சபதம் சபதம்தானே.

"உள்ள யார்கிட்ட பேசறீங்க?" வெளியிலிருந்து மனைவியின் குரல்.

"பேசலை. பாடறேன்!"

"குழாயை மூடிட்டுப் பாடுங்க. தண்ணி வீணாகுது."

மாஸ்டர் குழாயை மூடினார். பாட்டு வரவில்லை.

மாஸ்டர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பழகுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் காலடியில் இன்னொரு பிரேக். எப்பேர்ப்பட்ட ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் மாஸ்டர் மிதித்தால் வண்டி நின்றுதான் ஆகவேண்டும். அந்த மாதிரி ஒரு பிரேக்கை யாராவது புண்ணியவான் கல்யாணத்தன்றே வீட்டிலும் மாட்டிக்கொடுத்திருக்கலாம்.

பிரச்சினை சோபா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நீள சோபாவில் காலை நீட்டிப் படுப்பது ஒன்றுதான் மாஸ்டர் இந்த உலகத்திடம் கேட்ட சுகம். அதற்கும் ஒரு வினை வந்து சேர்ந்தது. மனைவி வேலை பார்க்கும் சோப்புக் கம்பெனி வாசலில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. கூடப் பிறந்தவர்கள் இல்லையே என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. அதனால் நாய்க்குத் 'தம்பி' என்று பேர் வைத்தாள்.

மனைவிக்குத் தம்பி என்றால் மாஸ்டருக்கு என்ன முறை? மச்சான்!

மச்சான் என்றால் சும்மாவா? வந்த அன்றைக்கே சோபாவில் ஏறிப் படுத்துவிட்டது.

"ஏம்மா, அதைக் கொஞ்சம் இறங்கச் சொல்லேன்."

"தூங்கறவனை எழுப்பினா பாவங்க."

"நானும் தூங்கத்தாம்மா வந்தேன்."

"நீங்க இன்னும் தூங்கலையே. உங்களை எழுப்பினாத்தானே பாவம்?"

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் மேல்முறையீடு செய்வது? மாஸ்டர் தரையில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க, சோபாவிலிருந்து மச்சான் விட்ட கொட்டாவி அவர் முகத்தில் வந்து மோதியது. ஈரச் சாக்ஸைப் பெட்டியில் வைத்து மறந்துபோன வாடை. அந்த வாடையில்தான் மாஸ்டருக்கு ஞானம் பிறந்தது.

மனைவிக்கு மூக்குதான் சோறு போடுகிறது. சோப்புக் கம்பெனியில் மணம் பார்த்துச் சொல்லும் வேலை அவளுக்கு. மல்லிகையில் ஒரு சொட்டு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவாள். இந்த லேசான வாடையைப் பாசத்தில் பொறுத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது. அதையே கொஞ்சம் பலமாக்கிவிட்டால்? அவளே நாயைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவாள். சோபா காலி! நாய் வாலை நிமிர்த்தத்தான் யாராலும் ஆகாது. வாயைக் கெடுக்கவா ஆள் இல்லை?

அன்று சாயங்காலமே மாஸ்டர் நாய்ச் சங்கிலியைக் கையில் எடுத்தார்.

"நீங்களா? தம்பியை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?" மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை.

"மாமனும் மச்சானும் காலாற நடந்துட்டு வரக்கூடாதா?"

பூங்காவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த மத்தி மீன் டப்பாவைத் திறந்தார். தம்பி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாய்ப்பக்கம் யார் கையைக் கொண்டுபோனாலும் அதற்குப் பிடிக்காது. இறுக்கிப் பூட்டிக்கொள்ளும். மாஸ்டர் கெஞ்சினார், கொஞ்சினார். "எங்க, ஆ காட்டு மச்சான், ஆ!" கடைசியில் வாய் ஒரு விரற்கடை திறந்தது. மீன் உள்ளே போனது. நாலைந்து நாளில் அவர் 'ஆ' என்று ஆரம்பிப்பதற்குள் அது தொண்டைக்குழி தெரியத் திறந்து காட்டியது.

நாற்றமா? ஐயோ! மீன் மார்க்கெட்டைச் சுருட்டி வாய்க்குள் வைத்துத் தைத்த மாதிரி.

ஆனால் விதியைப் பாருங்கள். முதல் நாளே வாசலில் வந்து நின்ற மனைவியின் முகத்தைத் தம்பி ஆசையாக நக்கியது. அவள் அப்படியே நின்றாள். நாயைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"காலையிலேருந்து மூக்கடைப்புங்க. ஒரு வாசனையும் தெரியலை" என்றாள்.

சனி பிடித்தால் சளியும் சேர்ந்து பிடிக்கும், அதுவும் அடுத்தவர் மூக்கில். மாஸ்டர் மனம் தளரவில்லை. சளி எத்தனை நாளைக்கு இருக்கும்? மத்தி மீன் தொடர்ந்தது. சளியும் தொடர்ந்தது. இடையில் வேறொன்று நடந்துவிட்டது. தம்பிக்கு மாஸ்டர் மேல் காதல் வந்துவிட்டது.

அவர் பேப்பர் படித்தால் பேப்பருக்கும் மூக்குக்கும் நடுவில் தலையை நுழைத்தது. சாப்பிட உட்கார்ந்தால் தோளில் முகவாயை வைத்துப் பெருமூச்சு விட்டது. காதலில் மூச்சு முட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அது இப்படி என்று யாரும் சொல்லவில்லை. நுணல்தான் தன் வாயால் கெடும் என்பார்கள். மாஸ்டர் நாய் வாயால் கெட்டார்.

கடைசியில் அவராலேயே முடியவில்லை.

"ஏம்மா, தம்பிக்கு வாய் நாறுதும்மா!"

"எனக்குத் தெரியலையே. உங்க வாயா இருக்கப்போகுது. எதுக்கும் பல் தேய்ச்சிட்டு வந்து பாருங்க."

தேய்த்துவிட்டு வந்தார். "இன்னும் நாறுது!"

"அப்ப சரியாத் தேய்க்கலை. நாக்கையும் வழிச்சிட்டு வாங்க."

மூன்றாம் தடவை தேய்த்துவிட்டு வந்தபோது ஈறு எரிந்தது. கண்ணில் தண்ணீர். "சத்தியமா நாய் வாய்தாம்மா. டாக்டர்கிட்ட காட்டலாம்மா. இப்பவே போகலாம்மா." பின்கட்டு என்ற ஒரு வார்த்தையை மட்டும் அந்த டாக்டர் வாயிலிருந்து வரவழைத்துவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு.

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள் மனைவி. கல்யாணமான நாளாக அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அப்போதாவது மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டும்.

கால்நடை டாக்டரம்மா உள்ளங்கை அகலக் கண்ணாடி போட்டவர். தம்பியை மேஜைமேல் நிறுத்தி வாயைத் திறக்கப் பார்த்தார். அது பல்லைக் கடித்துக்கொண்டது. மனைவி கொஞ்சிப் பார்த்தாள். ம்ஹூம்.

"நீங்க ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்" என்றாள் மனைவி, வெள்ளந்தியாக.

மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க, ஆ..."

கடை ஷட்டரைத் தூக்கின மாதிரி தம்பியின் வாய் திறந்தது.

"அடேயப்பா!" டாக்டரம்மா அசந்துபோனார். "எப்படி சார் இவ்வளவு அழகாப் பழக்கினீங்க?"

"எல்லாம் அன்பாலதாங்க."

டாக்டரம்மா இடுக்கியை உள்ளே விட்டு, பல்லிடுக்கிலிருந்து எதையோ மெல்ல உருவி வெளிச்சத்தில் பிடித்தார். "உங்க அன்புல முள்ளு இருக்கே சார்!"

மாஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தை ஆராய ஆரம்பித்தார்.

ஆனால் டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னும் குனிந்து பார்த்தார். "மீனை விடுங்க. பல்லெல்லாம் காறை படிஞ்சு கிடக்கு. இந்தக் கடைவாய்ப் பல்லைப் பாருங்க, ஆடுது. ஈறுல சீழ் வெச்சிருக்கு. இதுதான் நாறுது. ரொம்ப நாளா வலிச்சிருக்கும். பாவம், வாயில்லா ஜீவன். வாய் நாறினாத்தான் நமக்குத் தெரியும், உள்ள ஏதோ சரியில்லைன்னு."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்த வலியோடுதான் அது தன் தோளில் முகவாயை வைத்துப் பெருமூச்சு விட்டதா? கையை நீட்டித் தம்பியின் தலையைத் தடவினார். அது மீன் வருமோ என்று மறுபடியும் 'ஆ' காட்டியது.

மயக்க மருந்து கொடுத்துக் கெட்ட பல்லைப் பிடுங்கினார்கள். மற்றதைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். புண் ஆறியதும் தினமும் பல் தேய்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொடுத்தார்.

"எங்க வீட்டு பேஸ்ட்டே இருக்கே டாக்டர்" என்றார் மாஸ்டர்.

"அது கூடவே கூடாது. நாம துப்பிடுவோம், அது முழுங்கிடும். உடம்புக்கு ஆகாது. இது நாய்க்குன்னே செஞ்சது. கோழி ருசி."

"தினம் யாரு டாக்டர் தேய்க்கணும்?" மனைவி கேட்டாள்.

"யார் சொன்னா வாயைத் திறக்குதோ, அவங்கதான்."

திரும்பும்போது மாஸ்டரின் இரட்டை பிரேக் காரை மனைவிதான் ஓட்டினாள். பின்சீட்டில் தம்பி மயக்கம் தெளியாமல் கிடந்தது. மாஸ்டர் பக்கத்து சீட்டில் தெளிந்தே மயங்கிக் கிடந்தார்.

"மத்தி மீன் நல்ல மீன்தாங்க" என்றாள் மனைவி, ரோட்டைப் பார்த்தபடி. "ஆனா உப்பு ஜாஸ்தி. இனிமே குடுக்காதீங்க."

மாஸ்டர் காலடியிலிருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது. பேச்சு நிற்கவில்லை.

"உனக்கு... மூக்கடைப்பு?"

"மூக்கடைச்சா எங்க கம்பெனியில வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்க. நான் ஒரு நாளாவது லீவு போட்டேனா? முதல் நாளே உங்க சட்டையில, கையில, சங்கிலியில எல்லாம் மத்தி மீன்."

"அப்புறம் ஏம்மா பேசாம இருந்தே?"

"தம்பி வாய் நாறுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியுங்க. டாக்டரம்மாவைக் கேட்டேன். வாயைத் திறக்கப் பழக்கிட்டுக் கூட்டிட்டு வான்னாங்க. நானும் கெஞ்சாத கெஞ்சலில்லை, திறக்கவே மாட்டேன்னுட்டான். உங்ககிட்ட சொன்னா நீங்க செய்வீங்களா? சோபாவைப் பத்தித்தான் பேசுவீங்க. நீங்களா ஆசையாப் பழக்கறப்போ குறுக்க வருவானேன்னு விட்டுட்டேன். மிதிச்ச காலை எடுங்க, பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க."

மாஸ்டர் காலை எடுத்தார்.

அதற்கப்புறம் காலையில் எழுந்ததும் மாஸ்டருக்கு முதல் வேலை மச்சானுக்குப் பல் விளக்குவது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் டியூப் மாறிப்போய், அன்று முழுக்க அவர் வாயில் கோழி மணத்தது. கார் பழக வந்தவர், "மாஸ்டர், காலையிலேயே விருந்தா?" என்று விசாரித்தார்.

ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தம்பியின் வாய் இப்போது மணக்கவில்லை, நாறவும் இல்லை. சோபாவும் காலியாகிவிட்டது, ஏனென்றால் மாஸ்டர் எங்கேயோ அங்கேதான் தம்பி. போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஆசையாகச் சோபாவை நெருங்கியபோது அதில் மனைவி காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறவர்களை எழுப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தம்பியோடு தரையில் படுத்தார். படுத்தவர், தானே ஆச்சரியப்படும்படி, சுகமாகத் தூங்கிவிட்டார்.

அழைப்பு மணி அடித்துத்தான் விழித்தார். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா. பக்கத்தில் கன்றுக்குட்டி உயரத்தில் கறுப்பாக ஒரு நாய். அதற்கும் பின்னால், படியில், முன்பின் தெரியாத ஒருவர் புசுபுசுவென்று ஒரு குட்டியை இடுக்கிக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கிழமைதான் நீங்க சும்மா இருப்பீங்கன்னு வீட்டுல சொன்னாங்க" என்றார் அக்கா. "பயப்படாதீங்க தம்பி, இது இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லை. ஆனா இதுவரைக்கும் யாரும் இது வாய்க்குள்ள கையை விட்டதும் இல்லை."

மாஸ்டர் திரும்பிச் சோபாவைப் பார்த்தார். மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"வந்தவங்களை நிக்க வைக்காதீங்க. அலமாரியில புது பிரஷ் ஒரு டஜன் வாங்கி வெச்சிருக்கேன்."