ஆமையை முன்னிட்டு ஊருக்கு வர இயலாத தம்பி எழுதுவது

அன்பும் அதைவிட ஒரு படி கூடுதலாகக் கோபமும் உள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீ அங்கே சுகமா என்று தெரிந்துகொள்ள வழியில்லை, ஏனென்றால் நீ போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்ப்பதில்லை. அத்தானுக்குப் போன் போட்டேன். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலையாவது மாற்றிப் பேசியிருக்கலாம். ஆகவேதான் இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து முழுக்கப் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

கடைசியாக நாம் பேசியபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "மொத வருஷம் கால்ல அடி, போன வருஷம் அம்மை, இந்த வருஷம் ஆமையா? இந்தத் தடவையும் நீ வரலைன்னா எனக்குத் தம்பியே பொறக்கலைன்னு நெனைச்சுக்கறேன்" என்றாய். பிறகு டொக்கென்று சத்தம். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவே இல்லை. கோபப்படுவது உன் உரிமை. ஆனால் மூன்றுமே சத்தியம். கால் முறிந்தது நிஜம். வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து அம்மை ஒட்டிக்கொண்டதும் நிஜம். ஆமையும் நிஜம், இதை எழுதும்போது என் நாற்காலிக்குக் கீழேதான் இருக்கிறது. ஆமையை வீட்டுக்குள் விடலாமா என்று நீ தனியாக ஆரம்பிக்காதே. விட்டாகிவிட்டது.

விஷயம் இதுதான். நான் வேலை பார்க்கும் இந்தப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணி உண்டு. பிள்ளைகளுக்குப் பொறுப்பு வர வேண்டுமாம். பக்கத்து வகுப்புக்கு முயல், மாடி வகுப்புக்குக் கிளி, எனக்கு ஆமை. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் என் வாயில் நுழைவதாக இல்லை. அதனால் நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறேன். எவ்வளவு உபசாரம் செய்தாலும் முகம் கொடுப்பதில்லை, வைத்ததைத் தொடுவதில்லை, ஏதாவது கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அத்தான் இதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விடுமுறை வந்தால் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை அந்தப் பிராணியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். யாரும் கொண்டுபோகாவிட்டால் வகுப்பு ஆசிரியர் தலையில். எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் வகுப்பு மீனை ஒரு விடுமுறையில் கோட்டை விட்டுவிட்டார். அப்புறம் தினமும் பாடம் ஆரம்பித்ததும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் குழந்தை எழுந்து, "சார், மீன் எங்க?" என்று கேட்குமாம். வேறொன்றும் கேட்காதாம். மனுஷர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை அக்கா. சீட்டுக் குலுக்கிப் போட்டேன். முதல் சீட்டு விழுந்த பையனின் அம்மா வாசல் வரை வந்து, கூடையைத் திறந்து பார்த்து, "இது இப்படியே பார்த்துக்கிட்டே இருக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையனை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டாவது சீட்டு விழுந்த வீட்டில் நாய். அரை மணி நேரத்தில் மாப்பிள்ளையை மல்லாக்கப் புரட்டிப் போட்டு நாய் மேலே உட்கார்ந்துகொண்டதாம், கூடையோடு மாப்பிள்ளை திரும்பி வந்தது. சரி, சக ஆசிரியர்களைக் கேட்போம் என்று போனால், சங்கீத ஆசிரியை தனக்கு ஊருக்குப் போகப் பெட்டி கட்டவே நேரமில்லை என்று பெட்டியைக் காட்டினார். விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டேன். "ஓடுற எதையா இருந்தாலும் குடுங்க சார், பார்த்துக்கறேன். இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லையே" என்று விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார். தலைமையாசிரியையிடம் முறையிட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வகுப்பு உங்களோடது. வகுப்புல இருக்கறதும் உங்களோடதுதானே?" என்றார். கணக்கு வாத்தியார் எனக்கே கணக்குப் பாடம்.

கடைசியில் கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மனசு இளகி, சமையலறை மூலையில் இடம் கொடுத்தார். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து, முன்னமே கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து, மறுபடி கட்டினேன். குட்டிக்கு வாங்கிய கவுனை மேலே வைத்தேன். அவள் இப்போது எவ்வளவு உயரம் என்று தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கியது. அது விதிக்குப் பொறுக்கவில்லை போலும். மூன்றாம் நாளே வீட்டுக்காரம்மா கூடையோடு மேலே வந்துவிட்டார். "சார், இது ரெண்டு நாளா ஒரு இலைகூடக் கடிக்கலை. கண்ணைத் தொறக்க மாட்டேங்குது. என் கையில போய்ச் சேர்ந்துட்டா அந்தப் பிள்ளைங்க என்னைச் சும்மா விடுமா? நீங்களே வச்சுக்குங்க" என்று கதவருகே வைத்துவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் இறங்கிவிட்டார்.

அவர் சொன்னது உண்மை. மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. கீரை வைத்தேன், முட்டைக்கோஸ் வைத்தேன், வெள்ளரிக்காயைத் தோல் சீவி வைத்தேன், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. வெளியே எலும்பைக் குடையும் குளிர். எனக்கு இருக்கும் ஒரே ஹீட்டரை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் கம்பளிக்குள் நடுங்குகிறேன். காலையில் தட்டி எழுப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து, பல் தேய்க்கும் பிரஷால் ஓட்டைத் தேய்த்து விடுகிறேன். அது மெல்ல ஒரு கண்ணை மட்டும் திறந்து, முதல் பீரியடில் எழுப்பப்பட்ட கடைசி பெஞ்சுப் பையனைப் போல என்னைப் பார்க்கும். பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். நாளுக்கு நாள் இளைத்துப்போகிறது. நாளைக்குப் பிராணி டாக்டரிடம் கூட்டிப்போகப் போகிறேன், நம்பிக்கை இல்லை.

இந்த நிலையில் எப்படி விட்டுவிட்டு வருவது, நீயே சொல். விடுமுறை முடிந்து வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனை பிஞ்சு முகங்களும் என் கையைத்தான் பார்க்கும். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்? நீ கேட்பாய், அக்காவைவிட ஆமை பெரிசாடா என்று. இல்லை அக்கா. எனக்கு அழுகையாக வருகிறது. இங்கே எல்லோருடைய ஜன்னலிலும் விளக்கு அணைந்துவிட்டது, எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உன் வீட்டுக் கூடத்தில் குறுக்கே காலை நீட்டிப் படுத்து, "வழியில படுக்காதடா தடிமாடு" என்று நீ திட்டுவதைக் கேட்க வேண்டும் என்றுதான் வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்து வைக்கவில்லை. இந்த முறையும் நான் வரவில்லை. மன்னித்துக்கொள்.

அத்தானுக்கு ராங் நம்பரின் நமஸ்காரம். குட்டிக்கு ஆயிரம் முத்தம், மாமா கெட்டவன் இல்லை என்று அவளிடமாவது சொல்லி வை. பக்கத்து வீட்டாருக்கும், என்னை விசாரிக்கிற, விசாரிக்காத எல்லோருக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தோடு சாப்பிடாதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது.

இப்படிக்கு,
நீ மறுத்தாலும் பிறந்து தொலைத்துவிட்ட உன் தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. பிராணி டாக்டரிடம் போனேன். மாப்பிள்ளையைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "எத்தனை நாளா இதைத் தூங்க விடாம வச்சிருக்கீங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. "குளிர் வந்துட்டா இந்த வகை ஆமை சாப்பாட்டை நிறுத்திட்டு மாசக்கணக்கா தூங்கும் சார். வியாதியும் இல்லை, ஒண்ணும் இல்லை. தூங்கப் போனதைத் தெனமும் எழுப்பிக் குளிப்பாட்டினா அது என்ன பண்ணும்? எங்க பின்கட்டுல இதே மாதிரி நாலஞ்சு தூங்குது. இதையும் அதுங்களோட போட்டு வைக்கறேன்" என்றார். மருந்து ஏதாவது தர வேண்டுமா என்று கேட்டேன். "நீங்க ஊருக்குப் போறதுதான் மருந்து" என்றார். ரத்து செய்ய மனம் வராமல் வைத்திருந்த டிக்கெட்டில் அன்றைக்கே ஏறிவிட்டேன். தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்று கடிதத்தைக் கையிலேயே எடுத்து வந்தேன். இந்தப் பின்குறிப்பை உன் வீட்டு வாசற்படியில், பெட்டியை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி அடித்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து உன் குரலிலேயே "வீட்ல யாரும் இல்லை" என்று பதில் வந்தது. அத்தான் ஜன்னல் வழியாகக் கையாட்டினார், யாரோ இழுத்துவிட்டார்கள். கதவுக்கு அடியில் இதைத் தள்ளுகிறேன். மெதுவாகவே படி, அவசரம் இல்லை. ஆனால் உள்ளே நீ அழுவது எனக்குக் கேட்கிறது. திற அக்கா, பசிக்கிறது.