சமஸ்தானத்தின் நிலுவை மனுக்கள்

திருவண்ணாமலைக்கு எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. வேலையைத் துறந்தவர், மனைவியைத் துறந்தவர், சட்டையைத் துறந்தவர் என்று பலரைச் செங்கம் ரோட்டில் தினமும் பார்க்கிறேன். ஆனால் கோட்டை, காடு, ஏரி, மான் கூட்டம் அத்தனையையும் விட்டுவிட்டு, அவற்றின் ரெக்கார்டுகளை மட்டும் விட மனமில்லாமல் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்த ஒரே மனிதர், எங்கள் தெருவில் குடியிருந்த சமஸ்தானம்தான்.

அந்தப் பெயரை வைத்தது ஆட்டோ ஸ்டாண்டு. பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் நான்கு துண்டாக, நடுவில் ஒரு கோட்டுடன் இருந்தது. அதைச் சொல்ல முயன்று பார்த்துக் களைத்துப்போன ஆட்டோக்காரர்கள், ஸ்காட்லாந்தில் இவருடையது பிரபுக்கள் குடும்பம் என்று கேள்விப்பட்டதும் சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். ஆறடிக்கு மேல் உயரம். தேங்காய் நார் நிறத்தில் தாடி. கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் அவர்கள் பரம்பரையிலேயே உண்டு என்பதால், லுங்கி வந்த அன்றே அவருக்குப் படிந்துவிட்டது.

தமிழும் ஆட்டோ ஸ்டாண்டு கொடுத்ததுதான். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "சார், நீ ரெக்கார்டு ஆபீசராமே? நானும் ரெக்கார்டுதான் வச்சினு கீறேன். கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். ஒரே மூச்சில் 'நீ'யும் 'பாருங்க'வும். இரண்டுமே மரியாதைதான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தவனுக்குப் பழைய காகிதங்களோடு இருப்பதுதான் பிடிக்கும் என்று எந்த அதிகாரியோ நினைத்துக்கொண்டதால், என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் கழிந்தது. தும்மல் நிற்காத ஒரு மூக்கும், விதிகள் மறக்காத ஒரு மண்டையும்தான் அதில் நான் சேர்த்த சொத்து.

அவர் குடியிருந்த எதிர் வீட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில் இல்லை. தகரப் பெட்டிகளை வரிசையாகப் போட்டு, மேலே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார். பெட்டி நிறையக் காகிதம்.

விஷயம் இதுதான். கோட்டையின் கூரை ஒழுகியது. அண்ணன், அதாவது இப்போதைய பிரபு, அதை ஹோட்டல்காரர்களுக்கு விற்றுவிட்டார். அரசர்கள் கொடுத்த பட்டயங்கள், அரக்கு முத்திரை வைத்த தோல் ஏடுகள், பிரபுக்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் அந்த ஊர் ஆவணக் காப்பகத்துக்கு மரியாதையாகப் போய்ச் சேர்ந்தன. குதிரை லாயத்தில் கிடந்த இந்தப் பெட்டிகளின் மேல் மட்டும் 'கழிவு' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்தவை குடியானவர்கள் பிரபுவுக்குக் கொடுத்த மனுக்கள். மான் வந்து ஓட்ஸ் பயிரை மேய்ந்துவிட்டது, பாலம் உடைந்துவிட்டது, உங்கள் காரியஸ்தர் என் வேலியைப் பிடுங்கிவிட்டார், இப்படி.

"எரிக்கறேன்னு சொன்னாங்க சார். நான் தூக்கினு வந்துட்டேன். அங்க ஈரம் ஜாஸ்தி. இங்க நல்லா காயும்."

ஊரே மனத்தை உலர்த்த வருகிற இடத்துக்குக் காகிதத்தை உலர்த்த வந்தவர் இவர்.

மொட்டை மாடியில் வடகம் காய வைப்பதுபோல மனுக்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைப்பார். மலைக் குரங்குகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் ஒரு குரங்கு மனு ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தது. சமஸ்தானம் பதறாமல் ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். குரங்கு மனுவைப் போட்டுவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் காகிதம் கொடுத்தால் பழம் கிடைக்கும் என்ற அரசாணை குரங்குகள் மத்தியில் பரவிவிட்டது. மறுவாரம் அவை தெருவில் அகப்பட்ட காகிதத்தையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கத் தொடங்கின. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட மார்க் ஷீட், யாரோ ஒருவரின் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட். சமஸ்தானம் எதையும் தூக்கி எறியவில்லை. எல்லாவற்றுக்கும் பழம் கொடுத்து, எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினார். மூன்றாவது வீட்டுக்காரர் தன் சமையல் கேஸ் புத்தகத்தைக் கேட்டு வந்தபோது, "கையெழுத்து போட்டுட்டு எடுத்துனு போங்க" என்றார். இப்படி ஒரு ரெக்கார்டு கீப்பர் எனக்குச் சர்வீஸில் கிடைத்ததே இல்லை.

கீழ் வீட்டில் இருப்பவர் வீட்டின் சொந்தக்காரர் மல்லிகா அம்மாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலை போடும் குடும்பம். ஆயுத பூஜையன்று வீட்டில் இருந்த மோட்டார், கிரைண்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், மேலே ஏறிப் போய்ப் பெட்டிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். சமஸ்தானம் எழுந்து நின்று கும்பிட்டார்.

சாயங்காலங்களில் அவர் ஒரு மனுவை எடுத்து மொழிபெயர்த்துச் சொல்வார். மல்லிகா அம்மாள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். ஒரு நாள் ஒரு விதவையின் மனு வந்தது. பிரபுவின் காட்டில் மேய்ந்தது என்று காரியஸ்தர் அவளுடைய ஒரே பசுவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பிரபு பெரிய மனது பண்ணித் திருப்பித் தர வேண்டும்.

"பட்டியில அடைச்சிட்டாங்களா?" என்றார் மல்லிகா அம்மாள்.

"ஆமா."

"எங்க மாமியார் மாட்டையும் ஃபாரஸ்ட்டுக்காரங்க இப்டித்தான் புடிச்சினு போனாங்க. சரி, மாடு திரும்பி வந்துச்சா?"

"தெரியல. பதில் இல்ல."

"பதில் இல்லன்னா? தேடு தொர."

அன்றிலிருந்து வாடகை வாங்கும்போதுகூட முதல் கேள்வி அதுதான். மாடு வந்துச்சா?

இந்த நிலையில் ஸ்காட்லாந்துக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. திருவண்ணாமலைக்கு விடுமுறையில் வரும் காப்பக அலுவலர் ஒருவர் பெட்டிகளைப் பார்வையிடுவார், முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுப்பார், மற்றவற்றை அழித்துவிட அண்ணன் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்.

கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு சமஸ்தானம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "முக்கியம்னா யாருக்கு சார்? வேலி போனவனுக்கு வேலிதான முக்கியம்? எல்லாம் ஒண்ணா போய்ச் சேரணும். இல்லன்னா நான் எதுக்கு இவ்ளோ தூரம் தூக்கினு வந்தேன்?"

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் விதியைச் சொன்னேன்.

"இங்க பாருங்க. எங்க ஆபீசுல ஒரு கோப்பை அழிக்கணும்னா மொதல்ல அது முடிஞ்சிருக்கணும். கடைசி உத்தரவு போட்டு, முடிச்சு, ரெக்கார்டு ரூமுக்கு வந்து, காலம் கடந்தப்புறம்தான் கிழிக்கலாம். உத்தரவே போடாத மனு நிலுவை. நிலுவைக் கோப்பைக் கலெக்டரே வந்தாலும் கிழிக்க முடியாது."

சமஸ்தானம் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "சார், இதுல பாதிக்கு மேல பதிலே இல்லியே."

"அப்ப அதெல்லாம் நிலுவைதான்."

வேலை தொடங்கியது. ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் உறை, ஒவ்வோர் உறைக்கும் ஒரு ந.க. எண், அதாவது கோப்பு எண். குடியானவர் பெயர், பண்ணையின் பெயர், கோரிக்கை, தேதி, எடுத்த நடவடிக்கை என்று பதிவேட்டில் இங்கிலீஷில் கட்டம் கட்டமாக எழுதினார். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் 'இல்லை'. எங்கள் ஆபீஸ் வழக்கப்படி வேலிக்கு அ1, மானுக்கு அ2, பாலத்துக்கு ஆ1 என்று பிரிவு எழுத்துகளைத் தமிழிலேயே போடச் சொன்னவன் நான். முறை என்றால் முழுசாக முறை. கடைசியில் சிவப்புத் துணியில் கட்டுகளாகக் கட்டி அடுக்கியபோது, மாடி அச்சு அசலாக ஒரு தாலுகா ஆபீஸ் மாதிரி இருந்தது. எனக்குத் தும்மல்கூட வந்தது.

அப்போது மல்லிகா அம்மாள் ஒரு குண்டைப் போட்டார். "ஏன் தொர, நீ அந்த வூட்டு வாரிசுதான? நீயே ஒரு கையெழுத்து போட்டு மாட்டத் திருப்பிக் குடுத்துடேன். உங்க தாத்தா பண்ணாதத நீ பண்ணு."

சமஸ்தானத்தின் கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்து மூடியைத் திறந்துவிட்டார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"எழுதாதீங்க. உத்தரவு போட்டா மனு முடிஞ்சிடும். முடிஞ்சா அழிக்கலாம்."

பேனா அந்தரத்தில் நின்றது. நியாயம் கொடுத்தால் காகிதம் போய்விடும். காகிதம் வேண்டுமானால் நியாயம் கொடுக்கக் கூடாது. வருவாய்த் துறையில் இது அன்றாடப் பிரச்சினை என்பதால் தீர்வு என் கைவசம் இருந்தது.

"இடைக்காலப் பதில்னு ஒண்ணு இருக்கு. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அவ்வளவுதான். பதில் சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு."

பதில் கிடைக்காத அத்தனை மனுதாரர்களுக்கும் தனித் தாளில், பெயர் சொல்லி அழைத்து, தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து, இங்கிலீஷில் அதை எழுதினார். கையெழுத்துப் போட்டு உறைக்குள் வைத்தார். இறந்து இருநூறு வருஷம் ஆனவர்களுக்கு.

மல்லிகா அம்மாள் என்னுடன் ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, "இத்தினி வருஷமா பரிசீலனையா? நல்லா வேல பாத்தீங்க சார் நீங்க" என்றார்.

காப்பக அலுவலர் வந்தார், ஓர் அம்மையார். நரைத்த தலை, சிரிக்காத முகம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் காகிதத்தைத் தொட்டார். எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. பெட்டியில் இருந்த குங்குமத்தை விரலால் தடவிப் பார்த்தார். கட்டுகளை அவிழ்த்து, உறைகளைப் பிரித்துப் படித்து, வேண்டியவை ஒரு பக்கம், வேண்டாதவை ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டே போனார். வேண்டாத குவியல் வளர்ந்தது. சமஸ்தானம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை உயரமான மனிதர் அன்று என் தோள் அளவுக்கு இருந்தார்.

காபி கொண்டுவந்த மல்லிகா அம்மாள் குவியலைப் பார்த்தார். உறை எண்ணெல்லாம் அவருக்கு மனப்பாடம். "அது மாட்டு மனுவாச்சே. அது ஏன் அந்தப் பக்கம் போவுது?"

இனி நானும் சும்மா இருக்க முடியாது. அந்த மனுக்கள் நிலுவையில் உள்ளவை என்று இங்கிலீஷில் விளக்கினேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். யாரிடம் நிலுவை என்று கேட்டார். பிரபுவிடம் என்றேன். அவர் இறந்து ஒரு யுகம் ஆகிறதே என்றார். மனு கொடுப்பது ஆளுக்கு அல்ல, நாற்காலிக்கு என்றேன். ஆள் போனால் அடுத்து உட்காருகிறவர் பதில் சொல்ல வேண்டும். அவர் மாட்டு மனுவின் உறையை மறுபடி பிரித்து, உள்ளே இருந்த இடைக்காலப் பதிலைப் படித்தார். அடுத்த உறையைப் பிரித்தார். அதற்கும் அடுத்தது. பிறகு பதிவேட்டை இழுத்து, பெயர்களையும் பண்ணைகளையும் தேதிகளையும் விரலால் தொட்டுக்கொண்டே வெகுநேரம் படித்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சமஸ்தானத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இன்னா தொர சொல்றாங்க?"

சமஸ்தானம் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினார். "அந்தம்மா இன்னா சொல்லுதுன்னா, அவங்க ஆபீசுல பிரபு எழுதின லெட்டரு கட்டு கட்டா கீதாம். 'சரி, குடுத்துடு', 'இந்த வருஷம் வுட்டுடு', 'முடியாது', அப்டி. யாருக்கு, எதுக்குன்னு தெரியாம வச்சினு கீறாங்களாம். பதிலு அங்க கீது, கேள்வி இங்க கீது. தேதி வச்சுப் பாத்தா சேர்த்துடலாமாம். அதனால எல்லாத்தையும் எடுத்துக்கறாங்களாம்."

"மாடு?"

"தேடணுமாம். நாள் ஆகுமாம்."

"ஆவட்டும்" என்றார் மல்லிகா அம்மாள், அந்த விதவையின் சார்பில்.

வேண்டாத குவியலை அந்த அம்மையார் தன் கையாலேயே எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். பிறகு உறை மேல் இருந்த எண்ணைக் காட்டி, இந்த எழுத்து என்ன என்று கேட்டார். 'அ' என்றேன். அடுத்தது? 'ஆ'. எங்கள் காப்பகத்தில் இதைப் படிக்க ஆள் இல்லையே, இவர்தான் கூட வர வேண்டும் என்று சமஸ்தானத்தைக் காட்டினார். தமிழ் எழுத்துதான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நானேதான், யாரைக் குறை சொல்வது?

பெட்டிகள் முதலில் லாரியில் போயின. இரண்டு வாரம் வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்துவிட்டு, அவரும் கிளம்பினார். ஆட்டோ ஸ்டாண்டே வந்து வழியனுப்பியது. "வர்ட்டா சார். தூசில போவாத. உடம்ப பாத்துக்கங்க" என்றார். போய்ச் சேர்ந்ததும் ஏற்பு ரசீது அனுப்புங்கள் என்றேன்.

மேல் மாடி காலியாகவே இருக்கிறது. 'வீடு வாடகைக்கு' என்று ஒரு பலகை எழுதித் தரும்படி மல்லிகா அம்மாள் பெயின்ட்டும் பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கை நடுங்குகிறது, எழுத்து சரியாக வராது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் நான் முத்து முத்தாக டைரி எழுதுவதை எதிர் வீட்டிலிருந்து பார்க்கிறவர்தான். பலகை என்ன ஆயிற்று என்று இதுவரை அவரும் கேட்கவில்லை.