ஃபுல்டேங்க் நானாவின் பெட்ரோல் டேப்

அரை டேங்க் பெட்ரோலோடு ஒரு நாள்கூடத் தூங்கப் போகாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. காரைக்காலில் நான் குடியிருந்தபோது அவர் எனக்கு எதிர்வீடு. அவருடைய வாப்பா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும்; அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ஃபுல்டேங்க் நானா; நானா என்றால் அங்கே அண்ணன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. வடக்கே பூவத்தைத் தாண்டினாலும் தெற்கே வாஞ்சூரைத் தாண்டினாலும் தமிழ்நாடு. அங்கே பெட்ரோல் விலை கூடுதல். ஆகவே எல்லை தாண்டுமுன் டேங்கை நிரப்பிக்கொள்வது எங்களுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது மாதிரி. நானா மீன் மார்க்கெட்டுக்குப் போவதென்றாலும் நிரப்புவார். டேங்க் நிறைந்ததும் தானாக நின்றுவிடும் பங்க் குழாயை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. "கழுத்து வரைக்கும் வரட்டும்ப்பா, என்னா அவசரம்" என்பார். பெட்ரோலில் தன் முகம் தெரிந்தால்தான் மூடியைப் போடுவார்.

வண்டி ஒரு பைக்; அவர் சவுதிக்குப் போவதற்கு முன்பே வாங்கியது. சம்பாதித்துத் திரும்பி வந்து, கடைத்தெருவில் அத்தர் கடை வைத்த பிறகும் அதையே ஓட்டினார். அவர் மனைவியை நாங்கள் லாத்தா, அதாவது அக்கா, என்போம். டேங்குக்குப் பச்சை வெல்வெட்டில் கவர் தைத்துப் போட்டவர் அவர்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பக்கத்தில் போனால் பெட்ரோல் வாடை வரும். டேங்குக்கு அடியில் இடப்பக்கம், பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காரும் பெண்களுக்கு அந்த இடப்பக்கம்தான் வாசல். சொட்டியதெல்லாம் காற்றில் பறந்து லாத்தாவின் புடவைக்கு வந்து சேரும். நானா தன் தொழில் தர்மப்படி மேலே கொஞ்சம் அத்தர் தடவிவிட்டார். அதன் பிறகு லாத்தா தெருமுனையில் திரும்பும்போதே, சொர்க்கத்தில் பெட்ரோல் பங்க் திறந்துவிட்டார்களோ என்று தோன்றும்.

விவகாரம் ஒரு நிச்சயதார்த்தத்தில் முற்றியது. சாம்பிராணித் தட்டோடு வந்த பெண் லாத்தாவின் அருகில் நின்று மூக்கைச் சுளித்தாள். அடுத்த நிமிடம் ஒரு பெரியவர், நெருப்பை அந்தப் பக்கம் கொண்டுபோகாதே என்று அலறினார். விசேஷம் முடியும்வரை லாத்தாவை ஜன்னலோரத்தில் தனியாக உட்கார வைத்திருந்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் லாத்தா வாசலில் நின்றே தீர்ப்பு சொன்னார். "ஊருல பெட்ரோல் மலிவுன்னா அத எம் புடவையிலயும் ஊத்தணுமா? அந்த டேப்பு நிக்கிற வரைக்கும் நான் வண்டியில ஏற மாட்டேன்."

மறுநாளிலிருந்து லாத்தா ஆட்டோவில் போனார். நானா மனைவியைத் தனியே அனுப்பும் ரகமில்லை. ஆட்டோவை ஒட்டியே வண்டியை விட்டுக்கொண்டு, உள்ளே குனிந்து பேசிக்கொண்டே போவார். ஆட்டோக்காரர் வேகம் எடுத்தால் கோபித்துக்கொள்வார்.

இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கை. நானாவுக்கு மட்டும் உள்ளூரக் கவலை. நாகூரில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் அவர்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியில போய் எறங்கணும் தம்பி. நான் வண்டியில, அவ ஆட்டோவுலன்னா சனம் என்னா சொல்லும்? புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னு முடிவு கட்டிப்புடும். அப்புறம் புள்ளை கல்யாணத்தை விட்டுட்டு எங்க கதையத்தான் பேசும்."

அதற்குள் டேப்பை நிறுத்தியாக வேண்டும். நானா களத்தில் இறங்கினார்.

முதலில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, டேப்புக்குள் வாஷராகப் போட்டார். ரப்பர் பெட்ரோலைக் குடித்துக் குடித்து உப்பி, டேப்பையே திருப்ப முடியாமல் செய்துவிட்டது. கீழவாஞ்சூரில் துறைமுகத்து நிலக்கரி லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றது. வெள்ளைச் சட்டையோடு போனவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர் மாதிரி தள்ளிக்கொண்டு வந்தார். சொட்டு மட்டும் நிற்கவில்லை.

பிறகு யாரோ சொன்னார்கள் என்று துணி சோப்பைப் பிசைந்து டேப்பைச் சுற்றி அப்பினார். அன்றைக்குப் பார்த்து மழை. சிக்னலில் நின்ற வண்டியிலிருந்து நுரை பொங்கியது. பக்கத்தில் நின்றவர், வண்டியைக் குளிப்பாட்டிக்கொண்டே ஓட்டுகிறீர்களா என்று மரியாதையாக விசாரித்திருக்கிறார்.

மூன்றாவதாக நான் தலையிட்டேன். நாலு புத்தகம் படித்தவன் என்று தெருவில் எனக்கொரு கெட்ட பெயர் உண்டு. வண்டியைச் சுற்றி வந்து, கன்னத்தில் விரல் வைத்து, கார்பரேட்டர் என்று அறிவித்தேன். கார்பரேட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதன் எழுத்துக்கூட்டு மட்டும்தான். நானா அதை நம்பிக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது ஒரு திருகு மிஞ்சியது. நல்ல வண்டிக்கு அவ்வளவு திருகு தேவையில்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

கடைசியில் புது டேப்பே வாங்கிப் போட்டார். அதிலும் சொட்டியது. இந்தக் காலத்துச் சாமானில் ஈமானும் இல்லை, நாணயமும் இல்லை என்று நானா நொந்துகொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, நானா வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். தண்ணீர் கேட்டார் என்று நான் உள்ளே போனேன். அடுப்படியில் லாத்தா செம்பை நிரப்பித் தந்தார்.

"என்னா தம்பி, கண்டுபுடிச்சாச்சா?"

"இல்ல லாத்தா. டேப்புல எந்தக் குறையும் தெரியல."

"டேப்புல குறை இருந்தாத்தானே தெரியும்."

நான் விழித்தேன். லாத்தா குரலைத் தாழ்த்தினார். "வெல்வெட்டு கவரத் துவைக்கிறது யாரு? நான்தானே. கறை மூடிகிட்டேருந்து ஆரம்பிக்கிது தம்பி. கழுத்து வரைக்கும் ஊத்துனா வெயிலுக்குப் பொங்காம என்னா செய்யும்? மூடியில வழிஞ்சி, கவருக்கு உள்ளாற எறங்கி, அடியில டேப்பு நீட்டிகிட்டு இருக்கவும் அதுல சொட்டுது. பாவம், அந்த டேப்பு."

இதைச் சொன்னால் ஒரே நிமிடத்தில் தீருமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

லாத்தா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். "வண்டியில உக்காந்தா நான் பாக்குறது அவுங்க முதுகுதான். ஏதாச்சும் சொன்னா காத்துல போயிடும். இப்ப ஆட்டோவுல போறேன்ல, குனிஞ்சி குனிஞ்சி மூஞ்சியப் பாத்துப் பேசிகிட்டே வர்றாங்க. நீங்க சொல்லிப்புடாதீங்க தம்பி."

தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டேப்பைப் பற்றி ஏதாவது தோன்றுகிறதா என்று நானா கேட்டார். கார்பரேட்டராகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

மறுநாள் கல்யாணத்துக்கு லாத்தா ஆட்டோவில்தான் கிளம்பினார். எல்லை தாண்டும் பயணமாயிற்றே, நானா வழக்கத்தைவிட ஒரு விரல் கூடுதலாக நிரப்பியிருந்தார். என் ஸ்கூட்டரில் நானும் என் மனைவியும் பின்னால் போனோம். வாஞ்சூர் தாண்டியும் அந்த ஆட்டோவும் பைக்கும் விலகவே இல்லை. மண்டபம் வரைக்கும் நானா எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், உள்ளே லாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவர்கள் மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்களுக்குள் சண்டை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் ஊமையாக வந்து இறங்கிய எங்களைத்தான் இரண்டு பேர் தனியாக அழைத்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் பங்கில் நானாவுக்குப் பின்னால் நின்றேன். "கழுத்து வரைக்கும் வரட்டும்ப்பா" என்றார். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. லாத்தாவுக்குக் கொடுத்த வாக்கையும் மீறி என் வாய் திறந்துவிட்டது. "நானா, கொஞ்சம் குறைச்சே போடுங்களேன்."

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டேங்க் மூடியைப் பார்த்தார். என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"கல்யாணத்துக்கு மறுநாளே கவரக் கழட்டிப் பாத்துட்டேன் தம்பி. சவுதியில இருந்த காலமெல்லாம் போன்ல அவ குரலுதான். ஊருக்கு வந்தப்புறம் வண்டியில பின்னாடி. இப்பத்தான் எதுக்க எதுக்கப் பாத்துப் பேசிகிட்டுப் போறோம். டேப்பு ஒழுவிட்டுப் போவட்டும். அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க."

அப்புறம் எனக்கு மாற்றலாகி ஊரைவிட்டு வந்துவிட்டேன். இப்போது கார் வைத்திருக்கிறேன்; நானும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவருமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகிறோம். பங்கில் வாய் தவறிய அந்த ஒரு தடவையைத் தவிர, இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை இத்தனை நாள் காப்பாற்றினேன். அவர்கள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். காரைக்கால் வாசகர்கள் யாரும் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டாம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அரசலாற்றுப் பாலத்தில் ஒரு ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது. அதை ஒட்டினாற்போல், பச்சை வெல்வெட் வெளுத்துப்போன ஒரு பழைய பைக். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், நான் அடிக்கவில்லை. பாலம் முடியும்வரை மெதுவாகவே அவர்கள் பின்னால் போனேன்.