ஊர் குடித்த காளைகள்

"ஏனுங்கப்பா, வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெச்சவங்ககிட்டயே காசு கேப்பீங்களா?"

கார்த்திகை முதல் தேதி, காப்பிக்கடை திறந்த அன்று காலையில் மகள் பாவாயி இப்படிக் கேட்டாள். முன்பல் விழுந்த வயது. சின்னுசாமி பெரிதாகச் சிரித்து, "அதுக்குப் பேருதான் வியாபாரம் சாமி, உனக்குப் புரியாது" என்றார். பிறகு ஒரு வருஷம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் அவர்தான்.

அதற்கு முன்பு அவர் வண்டிக்காரர். புதுச்சத்திரத்தில் சொந்த வண்டி, செவலை, மயிலை என்று இரண்டு காளைகள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் மூட்டை ஏற்றிப் பிழைத்தார். போன ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்து, ஊர் அவரை மனசுக்குள் பாதி வழி அனுப்பியும் விட்டது. படுக்கையில் கிடந்தபோதுதான் ரோட்டில் புதிதாக ஓடத் தொடங்கிய பஸ்ஸின் சத்தம் காதில் விழுந்தது. இனி மாட்டு வண்டிக்குக் காலமில்லை, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனுக்கு நாக்கு வறளும், அந்த நாக்கில்தான் இனிப் பிழைப்பு என்று காய்ச்சலோடு காய்ச்சலாகக் கண்டுபிடித்தார்.

எழுந்து உட்கார்ந்ததும், "மருந்தாவது மந்திரமாவது, என்ர தைரியந்தான் என்னை எழுப்பி உட்டுது" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கஞ்சி கொண்டுவந்த மனைவி சென்னியம்மாள் அதைக் கேட்டுவிட்டு, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

காளைகளை விற்க அவளைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருக்கும் என்று நினைத்தார். துணிந்தவன் பிழைப்பான், துணியாதவன் கடைசிவரை மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டே போவான் என்று ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தார். தொடங்கி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

"ஆகட்டுங்க. வெரசா ஆரம்பிச்சுருங்க. கடை ரோட்டு மேலயே இருக்கோணுங்க, வாரவங்க போறவங்க கண்ணுல படற மாதிரி."

தன் பேச்சுக்கு இவ்வளவு சக்தியா என்று சின்னுசாமி அன்று பூராவும் வியந்துகொண்டிருந்தார்.

வண்டியையும் காளைகளையும் வாங்கிக்கொண்டவர் சென்னியம்மாளின் அண்ணன் சுப்பையன். அவர் வாங்கும்போதே ஒரு பேச்சும் வைத்துக்கொண்டார்.

"மாப்ள, அடுத்த வருசம் கார்த்திகைக்குள்ள கடை காலூனிச்சுன்னா சரி. இல்லாட்டி எங்கிட்டயே வந்து வண்டி ஓட்டோணும். கூலி குடுத்துடறேன்."

தன் காளையைத் தானே கூலிக்கு ஓட்டுவதா? அந்த நினைப்பே சின்னுசாமிக்குக் காய்ச்சலைவிட மோசமாக இருந்தது.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் வண்டிக்கார வீரன்.

"வாங்க மாமா, உக்காருங்க" என்று சின்னுசாமியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க அந்தச் சீமையில் யாருக்கும் வராது. வாங்க என்று சொல்லிவிட்டால் வந்தவர் ஒறம்பரை, வீட்டு விருந்தாளி. ஒறம்பரை குடித்த தண்ணீருக்கு விலை சொல்ல நாக்கு எழுமா?

வீரன் கசப்பு மருந்து குடிப்பது போலக் காப்பியைக் குடித்து முடித்து, மரியாதைக்கு மடியைத் தொட்டார். சுருக்குப்பையை எடுத்தார். சின்னுசாமியின் தோளுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்தார். பையைத் திரும்ப மடியிலேயே செருகிக்கொண்டார்.

"அப்பப் போயிட்டு வாரேனுங்க."

சின்னுசாமி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. சென்னியம்மாள் மட்டும் விளக்குமாறும் கையுமாக நின்றாள்.

அன்று வந்தவர்கள் எல்லோரும் அப்படியே போனார்கள். கேட்க வேண்டும் என்று அவர் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்பதுதான் வெளியே வந்தது.

குற்றம் ‘வாங்க’ என்ற சொல்லில் இருக்கிறது என்று முடிவு கட்டி, மறுநாள் யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினார். உச்சிவேளைக்குள் ஊருக்குள் பேச்சாகிவிட்டது. வீரன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க சின்னுசாமி, நாங்க என்ன தப்புப் பண்ணிப்போட்டோம்? மூஞ்சியத் திருப்பிக்கிறீங்களாமா."

"ஐயோ, அடுப்புப் பொகைங்க மாமா. கண்ணு எரிஞ்சுது."

மனத்தாங்கல் தீர அத்தனை பேருக்கும் காப்பியோடு முறுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் முறுக்குக்கென்றே தனியாக நாலு பேர் வந்தார்கள்.

கேட்பதுதானே கஷ்டம், கேட்காமலே போட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு தகர டப்பாவில் வாய் வெட்டிக் கடைமுன் நின்ற புளியமரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். புதுப் பொருளாயிற்றே என்று சென்னியம்மாள் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு கொத்து வேப்பிலையும் செருகினாள். இரண்டொரு நாளில் டப்பாவில் காசு விழும் சத்தம் கேட்டது. சின்னுசாமிக்கு அது நாயனம் போல இருந்தது. சிலர் காசைக் கண்ணில் ஒற்றிப் போட்டார்கள். தொழிலுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து போனார்.

பங்குனி நோம்பித் திருவிழாவுக்குக் கோயிலில் கம்பம் நட்ட அன்று, மாரியம்மன் கோயில் பூசாரி பொன்னன் பறை முழங்க ஊரோடு வந்து டப்பாவைக் கழற்றினார்.

"ஆத்தாளுக்கு உண்டியல் வெச்ச மகராசன் நீங்க. வருசம் முச்சூடும் வழிப்போக்கருக்குச் சும்மா காப்பி ஊத்தறதா ஏதாச்சும் நேத்திக்கடனுங்களா?"

பறை நின்றது. ஊரே அவர் வாயைப் பார்த்தது. இது காப்பிக் காசு, டப்பாவை வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். மூட்டை ஏற்றிய வண்டியை வாய்க்காலில் இறக்கி மறுகரை ஏற்றிய தைரியசாலி, மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த வருஷ நோம்பியில் அவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். கட்டிய துணிக்குள் தலை வலித்தது.

அதற்குள் செவலைக்காளையை ஊர் குடித்து முடித்திருந்தது. காளை விற்ற பணந்தானே காப்பிக்கொட்டையாக அடுப்பில் ஏறியது. கொம்பு, திமில், வால் என்று ஒன்றும் மிச்சமில்லை. இப்போது மயிலையின் முன்னங்காலில் வாய் வைத்திருந்தார்கள்.

நாமக்கல்லுக்குப் போய் ‘காப்பி அரையணா’ என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி வாங்கி வந்து மாட்டினார். ஊரில் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. பஸ் கண்டக்டர் அருணகிரி இறங்கி வந்து உரக்கப் படித்துக் காட்டினார்.

"அரையணாவாங்க? இதுக்கு எதுக்குங்க பலகை?" என்று வீரன் கேட்டார்.

"புரியலைங்களா?" என்றார் கண்டக்டர். "இத்தனை வெலை போற சாமானத்தைச் சும்மா குடுக்கறாருன்னு நாம தெரிஞ்சுக்கோணுமில்ல. அதுக்குத்தான்."

கூட்டம் நன்றியோடு தலையசைத்தது. அருணகிரி பஸ்ஸில் இருந்தவர்களையும் இறங்கச் சொன்னார். அன்றிலிருந்து பஸ் தவறாமல் அங்கே நின்றது.

கடைசியில் சின்னுசாமி பாவத்துக்கும் துணிந்தார். காப்பி வாயில் வைக்க முடியாமல் இருந்தால் கூட்டம் தானே கலையும் என்று புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தூளில் பாதிக்குப் பாதி கலந்தார். போதாதென்று கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டார். முதல் லோட்டாவை வீரனிடம் நீட்டும்போது, மனசுக்குள் மாரியம்மனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

வீரன் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். லோட்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இத்தனை நாளும் எங்களுக்குக் கசாயத்தையுங்களா ஊத்துனீங்க? இதுதானுங்க காப்பி."

அடுத்த வாரம் ராசிபுரம் பக்கத்து வண்டிகளெல்லாம் வழி சுற்றிக்கொண்டு வந்தன. காப்பி இல்லாத நாளில் மண்டை இடிக்கிறது என்று ஊரில் நாலு பேர் நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவர் வீட்டு எருமை கன்று போட்டிருந்தது, பால் வீட்டிலேயே கிடைத்தது. ஆனாலும் மயிலையில் வால் மட்டுந்தான் பாக்கி.

கார்த்திகை பிறந்தது. மறுநாள் காலையில் சுப்பையன் வண்டி பூட்டிக்கொண்டு வந்து கடைமுன் நிறுத்தினார். மயிலை பழைய எஜமானைக் கண்டதும் கழுத்தை நீட்டி அவர் கையை நக்கியது. உன்னையும் குடித்துவிட்டார்களடா என்று சின்னுசாமி அதன் நெற்றியைத் தடவினார்.

"என்னங்க மாப்ள, கடை காலூனிச்சுங்களா?"

"ஊனிச்சுங்க மச்சான். ஊருக்குள்ளதான் ஊனிச்சு, என்ர மடிக்குள்ள ஊனலை." துண்டை உதறித் தோளில் போட்டார். "சாட்டையக் குடுங்க. இருக்கறதை ஊத்திப்போட்டு வாரேன்."

"எனக்கும் ஒரு லோட்டா ஊத்துங்க. வழியெல்லாம் இதே பேச்சா இருக்குது."

கடைசிக் காப்பியாயிற்றே என்று நுரை ததும்ப ஆற்றிக் கொடுத்தார். வீரனும் வந்து உட்கார்ந்தார். அருணகிரியும் இறங்கி வந்தார். கடை மூடுகிற சேதியை அவர்களிடம் சொல்லவில்லை. எல்லோரையும் மனசார வாங்க வாங்க என்று கூப்பிட்டார். இனிக் காசைப் பற்றிய கவலை இல்லாததால் அந்தச் சொல் வாய்க்கு இனிப்பாக இருந்தது.

வீரன் குடித்து முடித்து வழக்கம்போல மடியைத் தொட்டார். வழக்கம்போலச் சின்னுசாமியின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு வழக்கத்துக்கு மாறாகச் சுருக்குப்பையை அவிழ்த்து அரையணாவைக் கடைமுன் போட்டிருந்த பலகைமேல் வைத்தார். அருணகிரியும் வைத்தார். சுப்பையன் கூட ஒன்றும் புரியாமல் இடுப்பைத் தடவினார்.

சின்னுசாமி சட்டென்று திரும்பினார். சென்னியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் பக்கவாட்டில் ஆடிய தலை இன்று மேலும் கீழும் ஆடியது. அவர் பார்ப்பதைக் கண்டதும் முந்தானையை இழுத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அப்போது பூசாரி பொன்னன் ரோட்டைத் தாண்டி வந்து, கையிலிருந்த காலி லோட்டாவைப் பலகைமேல் வைத்தார்.

"இது எங்க கடை லோட்டாவாச்சுங்களே. கோயிலுக்கு எப்படி வந்துச்சு?" என்றார் சின்னுசாமி.

"நேத்து உச்சியில யாருமில்லாத நேரமாப் பாத்து, உங்க ஊட்டுக்காரம்மா ஆத்தா காலடியில நெறையக் காப்பி வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்று பூசாரி அரையணாவையும் பக்கத்தில் வைத்தார். "போன வருச ஐப்பசியில இந்த மனுசன் எந்திரிச்சு நடந்தா வருசம் முச்சூடும் வழிப்போக்கருக்குக் காசு வாங்காம மோர் ஊத்தறேன்னு அவங்க வேண்டிக்கிட்டதுங்க, மோருக்குப் பதிலு காப்பின்னா ஆத்தா ஒத்துக்குவாளான்னு நோம்பி முடிஞ்சப்புறம் எங்கிட்டக் கேட்டாங்க, அதுலயும் பாலு இருக்குதே தாயின்னேன். கடன் நேத்தோட தீந்துதுங்க, இனி நீங்க தைரியமாக் காசு வாங்குங்க."