வயலுக்கு நடுவே கடைசி வீடு

நம் நாட்டில் ஓர் இனம் வேகமாகப் பெருகி வருகிறது. வயலுக்கு நடுவே வீடு கட்டிக் குடியேறிய மறுநாளே, இனி இந்த வயலில் வேறு யாரும் வீடு கட்டிவிடக் கூடாது என்று கிளம்பும் இனம். கடைசி வீட்டுக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் இரண்டொருவரைத் தெரிந்திருக்கும்.

தூத்துக்குடி இரும்புக்கடை அய்யாக்குட்டி அண்ணாச்சி இவர்களில் தலையாயவர். புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் அணையத் தொடங்கி, ஊருக்குள் லாரிப் புகையும் வாடகையும் ஏறிய வருஷம், அவர் ஊருக்கு மேற்கே குளத்துப் பாசன நெல்வயலில் ஒரு துண்டை வாங்கி, மண் அடித்து மேடாக்கி, சுற்றிலும் மதில் எழுப்பி, மாடி வீடு கட்டி, வாசலில் 'பசுமை இல்லம்' என்று பலகையும் மாட்டினார். வருகிற விருந்தாளியை முதலில் மொட்டை மாடிக்குத்தான் கூட்டிப்போவார்.

"பாத்தீயளா, கண்ணுக்கு எட்டுன மட்டும் பச்சை!"

ஏதோ அவரே நாற்று நட்டது போல இருக்கும். நெல்லுக்கும் கோரைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்து என்ன ஆகவேண்டும்? காற்று வந்தால் சரி.

ஒரு நாள் காலையில் தெற்கு வயலில் வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நின்றன. அண்ணாச்சிக்குக் காப்பி இறங்கவில்லை. ஒரே வாரத்தில் விளைநிலப் பாதுகாப்புக் குழு பிறந்தது. தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? கலெக்டருக்கு மனு போனது. வாசகசாலையில் கூட்டம் நடந்தது. "சோறு போட்ட மண்ணுல கல்லு முளைக்கலாமா?" என்று அண்ணாச்சி தழுதழுத்தார்.

"ஒங்க வீடு எங்கன முளைச்சுது அண்ணாச்சி?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அது வேற விஷயம்."

இந்த மூன்று சொல் இல்லாமல் ஒரு கடைசி வீட்டுக்காரரும் இல்லை.

மறுநாள் இசக்கித்தாய் வந்தாள். அண்ணாச்சி வீட்டுக்குக் கிழக்கே இருந்த வயல் அவளுடையது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பயிர் செய்கிறவள்.

"அண்ணாச்சி, ஒங்க மதிலு வாய்க்கா மேலயில்லா நிக்கி. என் வயலுக்குச் சொட்டுத் தண்ணி வரல. புரோக்கரு தெனமும் வந்து, வித்துருன்னு சொல்லுதான். மூணடி மதில இடிச்சு ஒரு குழாயப் போட்டு விட்டியள்னா போதும். நான் விக்கவே மாட்டேன்."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது.

"ஏளா, நீதான் உண்மையான விவசாயி. ஒன்னமாதிரி ஆளுகளுக்காகத்தான நான் போராடுதேன்!"

அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு மதிலோரம் போனார். அந்த மூன்றடியில்தான் பெங்களூரிலிருந்து வரவழைத்த குரோட்டன்ஸ் செடிகள் தளதளவென்று நின்றன. அண்ணாச்சி டேப்பைச் சுருட்டினார்.

"மூணடிதான? இடிச்சாத்தான் என்னவாம்?" என்று மனைவி செல்லக்கனி கேட்டாள்.

"செடி வேர் புடிக்கட்டும். அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் மாவட்ட மாநாடு. அதற்கடுத்த வாரம் மறுபடியும் மனு. கதிர் வாங்குகிற நேரத்தில் இசக்கித்தாயின் பயிர் கருகியது. மாடியிலிருந்து பார்த்த விருந்தாளி ஒருவர், "என்ன, மஞ்சளா இருக்கு?" என்றார். "வெரசா வெளைஞ்சிட்டு" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் கீழே இறங்கினார். அன்று அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தை பிறப்பதற்குள் அவள் விற்றுவிட்டாள்.

"ஏளா, இப்பிடிப் பண்ணிட்டியே! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்று வழிமறித்தார் அண்ணாச்சி.

இசக்கித்தாய் தலைச்சுமையை இறக்காமலே நின்றாள். "சொன்னேன் அண்ணாச்சி. நீங்க கூட்டத்துல பேசிக்கிட்டு இருந்திய." உப்பளத்து வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.

அவள் வயலில் துறைமுக கான்ட்ராக்டர் பொன்னுதுரை மாடி வீடு கட்டினார். அண்ணாச்சிக்குக் கிழக்குக் காற்று நின்றுபோனது. வேலை நடந்த ஆறு மாதமும் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பால் காய்ச்சிக் குடியேறிய மறுநாள் பொன்னுதுரையே கதவைத் தட்டினார்.

"அண்ணாச்சி, வடக்க இன்னும் ரெண்டு வயலு மிச்சமிருக்கு. அதுலயும் எவனும் வீடு கட்ட விட்டுரக் கூடாது பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். குழுவுக்குச் செயலாளர் கிடைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே உங்கள் ஜன்னலைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் பச்சை தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். நீங்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்தத் தரையில் முன்பு என்ன விளைந்தது என்று மட்டும் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிடாதீர்கள்.